கருவாட்டு ஐஸ்

அந்தக் கட்டியை முதன்முதலாகத் தொட்டபோது அது என்னைச் சுட்டது. கொழும்பில் ஓர் ஐஸ்கிரீம் தொழிற்சாலையில், பொதி கட்டும் அறையில், நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் அது. கையுறை போட்டுக்கொள் என்று எங்கள் சூப்பர்வைசர் மிஸ் காலையிலிருந்து இரண்டு தரம் சொல்லிவிட்டார். ஐஸ்தானே, அப்படி என்ன செய்துவிடப் போகிறது என்று வெறும் விரலால் எடுத்தேன். எடுத்த வேகத்தில் கீழே போட்டேன். சாயந்தரம் இரண்டு விரல் நுனியிலும் அடுப்பில் சுட்டதைப் போலக் கொப்புளம். யார் என்ன சொன்னாலும் ஒரு தரம் பட்டுப் பார்த்துத்தான் நம்புவது என்கிற புத்தி எனக்குப் பிறவியிலேயே உண்டு. மிஸ் மருந்து பூசிக்கொண்டே சிங்களத்தில் திட்டினார். வாங்க வேண்டிய திட்டுதான்.

அதற்குப் பெயர் டிரை ஐஸ். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் ‘உலர் பனிக்கட்டி’ என்று ஒரே ஒரு வரி படித்திருந்தேன். காபனீரொட்சைட் வாயுவை அழுத்திக் குளிர வைத்தால் கிடைப்பது என்று எழுதிப் பரீட்சையில் சரியும் வாங்கியிருக்கிறேன். பார்த்தது கொழும்பில்தான். சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக இருக்கும். உருகாது. தண்ணீராகாமல் அப்படியே காற்றாகப் போய்விடும். மேசையில் வைத்துவிட்டுச் சோறு தின்னப் போய்த் திரும்பி வந்தால் கட்டி பாதியாகிக் கிடக்கும், மேசையில் குளம் கட்டியிருக்காது. வெளியூர்க் கடைகளுக்குப் போகும் பெட்டிகளில் அதைக் கடதாசியில் சுற்றி ஐஸ்கிரீம் கப்புகளுக்கு மேலும் கீழும் வைப்போம். வெறுங்கையால் தொடாதே, பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடாதே, மூடினால் வெடிக்கும், அடைத்த அறையில் அதோடு படுக்காதே, மூச்சு முட்டும். மிஸ்ஸின் சட்டங்கள் இவ்வளவுதான். முதலாவது சட்டத்தை நான் விரலாலேயே படித்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபது வயது. ருவான்வெல்லைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் எங்கள் வீடு. வீடு என்றால் லயத்தில், தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பில், ஒரு காம்பரா, ஒரே அறை. அப்பா றப்பர் பெக்டரியில் பாலை உறைய வைக்கும் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர். அம்மா மரத்தில் பால் வெட்டப் போகிறவள். நான் ஒரே பிள்ளை. வாய்க்காரி என்று பெயரெடுத்தவள். கொழும்பில் தங்கி, ஒரு நாளைக்கு ஆயிரம் கப் அடுக்கி, சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு பஸ் ஏறுவேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருஷம் அப்பாவுக்குத் தொண்டையில் புற்று என்று சொன்னார்கள். வெற்றிலை போடாத நேரம் என்று அவருக்கு ஒன்று இருந்ததில்லை. ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் வைத்திருந்து ‘கரண்ட் பிடித்தார்கள்’. கதிர் வைத்தியத்துக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அது. கட்டி சுருங்கிவிட்டது, இனித் தேறிவிடுவார் என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். தேறுவதற்குச் சாப்பிட வேண்டுமே! வாய் முழுக்கப் புண். கஞ்சி ஒரு மடக்கு இறங்குவதற்குள் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சாரம் இடுப்பில் நிற்கவில்லை. கிளினிக்கில் தராசில் ஏற்றிப் பார்த்த நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் இளைத்தால் உடம்பு தாங்காது, எதையாவது உள்ளே இறக்கப் பாருங்கள் என்றார். சூடு வேண்டாம், காரம் வேண்டாம், குளிர்ச்சியாக, வழுவழுப்பாக, ஐஸ்கிரீம் மாதிரி ஏதாவது என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாள் முழுக்க ஐஸ்கிரீமுக்குள் நிற்கிறவளிடம் போய் ஐஸ்கிரீம் கொடு என்கிறார். ஆனால் எங்கள் லயத்தில் மின்சாரமே இல்லை. கொழும்பிலிருந்து வீட்டுக்கு இரண்டு பஸ், அதற்குப் பிறகு றப்பர் மரங்களுக்கு ஊடாக மலையேறி நடை. கப்பில் ஐஸ்கிரீம் என்று கொண்டுபோனால் இனிப்புத் தண்ணீராகத்தான் போய்ச் சேரும். கொழகொழவென்று வெதுவெதுப்பாக எதையும் அப்பாவால் விழுங்க முடியவில்லை. குளிர்ந்து கெட்டியாக இருந்தால் புண்ணை மரத்துப்போகச் செய்துகொண்டே இறங்கும். ஆக, அது கெட்டியாக இருப்பதில்தான் அப்பாவின் பிழைப்பே இருந்தது.

மிஸ்ஸிடம் போய் நின்றேன். அவர் மூன்று பிள்ளைக்காரி. விஷயத்தை முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து போய், மூலை உடைந்ததால் ஒதுக்கி வைத்திருந்த ஒரு ரெஜிஃபோம் பெட்டியை, குளிர் தாங்கும் வெள்ளை நுரைப் பெட்டியை, எடுத்து வந்தார். வெட்டும்போது சிதறிய டிரை ஐஸ் துண்டுகளில் பெரிதாக இரண்டு பொறுக்கினார். விற்பனைக்குப் போகாத நெளிந்த கப்புகளில் ஆறு. கேட் பாஸில் தானே கையெழுத்துப் போட்டார். “மூடியில் ஓட்டை விட மறக்காதே, கையுறையையும் கொண்டு போ” என்றார் சிங்களத்தில். இத்தனை வருஷம் கழித்தும் அவரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

முதல் சனிக்கிழமை நான் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கி மூடியைத் திறந்தபோது ஐஸ்கிரீம் கல்லாக இருந்தது. கரண்டி நுழையவில்லை. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. லயத்தில் பாதிப் பேர் எங்கள் வாசலில். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நான் சுரண்டிச் சுரண்டிக் கொடுத்ததை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். ஒரு கப் முழுவதும் இறங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் ஒரே இருப்பில் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான்.

“எப்பிடிப்பா இருக்கு?” என்றேன்.

“நல்லாருக்கு புள்ள” என்றார். குரல் போய்விட்டிருந்தது, காற்றுத்தான் வரும்.

அம்மாவின் கண் ஐஸ்கிரீமில் இல்லை. கடதாசிக்குள் கிடந்த வெள்ளைக் கட்டியில் இருந்தது. “இது என்னாடி?”

“காஞ்ச ஐஸும்மா.”

“ஐஸு எப்பிடிடீ காயும்?”

இங்கேதான் நான் வாயைக் கொடுத்தேன். விஞ்ஞானம் படித்தவள் அல்லவா, விளங்குகிற மாதிரி உதாரணம் சொல்ல வேண்டுமே. “மீனு காஞ்சா கருவாடு இல்லியா, அந்த மாதிரி. ஈரமே இருக்காது. கெடாம இருக்கும்.” அம்மா தலையாட்டினாள். மிச்சம் ஐந்து கப்பையும் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, நான் துண்டை எடுத்துக்கொண்டு மலைத் தண்ணீர் விழும் பீலிக்குக் குளிக்கப் போனேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே மேலே லயத்தில் கூச்சல். “காம்பரா பத்திக்கிச்சு! காம்பரா பத்திக்கிச்சு!” ஈரப் பாவாடையோடு ஓடினேன். எங்கள் கதவால் வெள்ளைப் புகை வெளியே வந்துகொண்டிருந்தது. நெருப்புப் புகை மேலே போகும். இது படியால் இறங்கி வாசலில் பரவி, தண்ணீர் ஓடும் கானுக்குள் வழிந்து ஓடியது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் வாளி வாளியாகத் தண்ணீரோடு நிற்கிறார்கள். உள்ளே அம்மா, முழங்கால் வரைக்கும் புகையில் நின்றுகொண்டு, விளக்குமாற்றால் அதை அடித்துக்கொண்டிருந்தாள்.

அடைத்த அறையில் மூச்சு முட்டும் என்று மிஸ் சொன்னது தலைக்குள் மணி அடித்தது. முதலில் அப்பாவைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். பிறகு அம்மாவை. பிறகுதான் அடுப்படியைப் பார்த்தேன். கருவாடு ஊறவைக்கும் சட்டி. அதில் சுடுதண்ணீர். அதற்குள், கடதாசியிலிருந்து கவிழ்த்துப் போட்ட என் இரண்டு கட்டியும் கொதித்துக் குமிழி விட்டுக்கொண்டிருந்தன.

“என்னாம்மா பண்ணி வச்சிருக்க!” என்று கத்தினேன். என் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

“நீதானேடி கருவாடுன்ன?” அம்மா விளக்குமாற்றைக் கீழே போடவில்லை. “காஞ்சி கெடக்கே, சுடுதண்ணில ஊறப் போட்டா திரும்பி நல்ல ஐஸா வந்துரும், நாலு நாளைக்கி ஒங்கப்பாவுக்கு ஆகும்னு போட்டேன். கருவாட்ட பின்ன எப்பிடி ஊற வைக்கிறது?”

சொன்னது நான்தானே. அப்போது பக்கத்தில் ஒரு சத்தம். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். குரல் இல்லாத சிரிப்பு. தோள் இரண்டும் குலுங்கி, தொண்டை வலித்து, வலியில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, அப்படியும் நிறுத்த முடியாமல் சிரித்தார். அதைப் பார்த்து அம்மாவுக்கு வந்தது. பிறகு எனக்கு. வாளியோடு நின்றவர்கள் எல்லோரும். மிச்ச ஐந்து கப்பும் பொழுது சாய்வதற்குள் பாயசமாகிவிட்டன, லயத்துப் பிள்ளைகள் குடித்தார்கள். அன்றைக்கு அதற்காக நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். வருத்தப்பட்டேன். ஆனால் அப்பா சிரித்துப் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

அந்த நாளிலிருந்து எங்கள் தோட்டத்தில் அதற்குப் பெயர் கருவாட்டு ஐஸ். சனிக்கிழமை நான் பெட்டியோடு மலையேறினால், மரத்தடியில் நிற்கிறவர்கள் “கருவாட்டு ஐஸ் வருது டோய்” என்று ஒருவருக்கொருவர் சத்தம் கொடுப்பார்கள். நானும் தேர்ந்துவிட்டேன். பெட்டியைச் சாக்கில் சுற்றி, சாக்கின் மேல் பழைய கம்பளித் துண்டு சுற்றினால் கட்டி ஞாயிறு மத்தியானம் வரை நின்றது. சனி சாயந்தரம் இரண்டு கப், ஞாயிறு காலையில் இரண்டு, மத்தியானம் இரண்டு. மற்ற நாட்களில் அம்மா ஆறவைத்த கஞ்சியையும் தம்பிலி இளநீரையும் கரண்டி கரண்டியாக ஊற்றினாள். அடுத்த கிளினிக்கில் தராசு முள் குறையவில்லை. அதற்கடுத்த தரம் கொஞ்சம் ஏறியது. அந்த நர்ஸ் என் தோளைத் தட்டினார்.

ஒரே ருசி சலித்துவிடக் கூடாதென்று நான் ஆறு கப்பும் ஆறு விதமாகப் பொறுக்குவேன். வெனிலா, சொக்லட், ஸ்ட்ரோபெரி, மாம்பழம், கோப்பி, பச்சை நிறத்தில் ஒன்று. “இன்னைக்கி எதுப்பா வேணும்?” என்று கேட்டால் அப்பா ஏதாவது ஒன்றைக் கை காட்டுவார். எல்லாம் நல்லாருக்கு என்பார். எந்தக் கப்பையும் அவர் குறை சொன்னதில்லை, சொல்லி நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகள்தான் எனக்கு மறக்காதவை. கட்டியில் ஒரு சில்லை உடைத்துத் தண்ணீர்த் தம்ளரில் போட்டு அப்பாவின் முன்னால் வாசலில் வைப்பேன். அது குமுறிக்கொண்டு புகை விடும். அவர் குந்தியிருந்து முடியும்வரைக்கும் பார்ப்பார். பாலைத் தொட்டியில் ஊற்றி அசிட் கலந்து, திரளத் திரளக் காவல் இருந்தவர் அல்லவா?

“தண்ணியா இருக்கிறது கட்டியாவுறத ஆயுசு பூரா பாத்துட்டேன். கட்டி இப்பிடி ஒண்ணுமில்லாம போறத இப்பத்தான் பாக்குறேன்” என்றார்.

“இது நாம வெளிய விடுற மூச்சுதாம்ப்பா. மூச்சில இருக்கிற அந்தக் காத்த அமுக்கிக் கட்டியாக்கிர்றாங்க.”

அப்பா லயத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பார்வை பார்த்தார். “அப்பிடின்னா இங்கனயே ஒரு பெக்டரி போடலாமே புள்ள. பக்கத்துக் காம்பராவுலயே எட்டுப் பேரு மூச்சு விடுறாங்க.”

இப்படியாக இரண்டு மாதம் போனது. நான் கொழும்பில் எந்த நாளையும் எண்ணவில்லை, சனிக்கிழமையை மட்டும் எண்ணினேன். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொள்வேன். கண்டக்டர் மேலே தட்டில் வை என்பார், நான் மாட்டேன் என்பேன், இரண்டு பேரும் பஸ் மாறும் அவிசாவளை வரைக்கும் சண்டை போடுவோம். மடி மரத்துப் போய்விடும். அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து போன அந்தப் பயணங்களை விட நான் சந்தோஷமாக எங்கேயும் போனதாக ஞாபகமில்லை. அப்பா செத்துப்போய்விடுவாரோ என்று பயந்துகொண்டே போன பயணங்கள்தான் அவை. ஆனாலும் அப்படித்தான்.

யுத்த காலம். வழியில் சோதனைச் சாவடி இருந்தது. ஆட்களை இறக்கி, அடையாள அட்டை பார்த்து, ஏற்றுவார்கள். என் அட்டையில் பெயரைப் பார்த்ததும் மற்றவர்களை விட நான் அரை நிமிஷம் கூட நிற்க வேண்டும். பழகிப்போன விஷயம். வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். அங்கே அந்த வாயை மூடிக்கொண்டால்தான் அவிசாவளைக்காவது போகலாம். நானும் மூடிக்கொள்வேன். பெட்டியைக் கேட்டால் ஐஸ்கிரீம் என்பேன், மூடியைத் தூக்கிக் காட்டுவேன், போ என்பார்கள்.

ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் நெரிசல். உட்கார இடமில்லை. வேறு வழியில்லாமல் பெட்டியை மேல்தட்டில் வைத்தேன். மழை பெய்து, ஜன்னல் எல்லாம் சாத்தி, உள்ளே ஈரமும் புழுக்கமுமாக இருந்தது. சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் ஒரு குழியில் விழுந்து எழும்பியதில் என் பெட்டி மூடி நழுவிவிட்டது. மேலிருந்து வெள்ளைப் புகை இறங்க ஆரம்பித்தது. கீழே உட்கார்ந்திருந்த ஒரு மனிதரின் தலையில் இறங்கி, தோளில் இறங்கி, மடியில் தேங்கியது. அவர் நிமிர்ந்து பார்த்தார். “தும்! தும்!” என்று அலறினார். தும் என்றால் சிங்களத்தில் புகை. பின்னாலிருந்து யாரோ “போம்பயக்!” என்றார்கள். அந்தச் சொல்லுக்கு எந்த மொழியிலும் விளக்கம் வேண்டியதில்லை.

பஸ் நின்ற இடம் சாவடியின் வாசல். நாற்பது ஐம்பது பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து இறங்கி ஓடினார்கள். எனக்கும் ஓடத் தெரியாமலில்லை. ஆனால் பெட்டியை விட்டுவிட்டு எப்படி ஓடுவது? மூடியைச் சரிசெய்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைசி ஆளாக இறங்கினேன். இறங்கினால் எதிரே மூன்று துப்பாக்கி. மூன்றும் என்னை நோக்கி.

பெட்டியைத் திறந்து தரையில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அட்டையை வாங்கிப் பெயரைப் படித்தார்கள். என் வயதே இருக்கும் ஒரு பட்டாளத்துக்காரன், “மொகத்த மே?” என்றான். என்ன இது?

“வேலிச்ச அயிஸ், மாத்தயா.” காய்ந்த ஐஸ் என்று நானறிந்த சிங்களத்தில் சொன்னேன்.

“காய்ந்த ஐஸா?” அவன் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. “ஐஸ் எப்படிக் காயும்?” அம்மா கேட்ட அதே கேள்வி. அம்மாவுக்கு நான் உதாரணம் சொன்னேன். இங்கே கருவாட்டுப் பேச்சை நான் எடுக்கவில்லை.

“அயிஸ் நம் காப்பன்” என்றான் அவன். ஐஸ் என்றால் தின்று காட்டு.

அந்த நாட்களில் அது வழக்கம்தான். சோற்றுப் பொட்டலம் என்றால் ஒரு வாய் தின்று காட்ட வேண்டும், போத்தல் என்றால் ஒரு மடக்குக் குடித்துக் காட்ட வேண்டும். அவன் கேட்டதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கட்டியை வாயில் போட்டால் நாக்கு வெந்துவிடும். “கன்ன பே மாத்தயா, கட்ட பிச்செனவா” என்றேன். தின்ன முடியாது ஐயா, வாய் வெந்துவிடும். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஐஸ் என்கிறாள், தின்றால் வாய் சுடும் என்கிறாள், புகைகிறது, பெயரோ தமிழ்ப் பெயர். அவன் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

நான் அழவில்லை. அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த நிலையிலும் என் கண் பெட்டியின் மேலேயே இருந்தது. மூடி திறந்திருக்கிறது, சூடு இறங்குகிறது, கட்டி கரைகிறது, அப்பாவுக்கு இரண்டு நாள் சாப்பாடு போகிறது. இதுதான் மனதில் ஓடியது.

சாவடிக்குள்ளிருந்து சார்ஜன் வந்தார். வயதானவர், தொப்பைக்காரர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். குனிந்து கடதாசியை விலக்கினார். “தொடாதீங்க மாத்தயா” என்று நான் சிங்களத்தில் கத்துவதற்குள் ஒரு விரலை வைத்து அழுத்திவிட்டார். “அம்மோ!” என்று துள்ளினார். துப்பாக்கிகள் மறுபடி உயர்ந்தன. அவர் கையைக் காட்டி அவர்களை நிறுத்திவிட்டு, விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே என்னைப் பார்த்தார். என்னைப் போலப் பட்டுத்தான் நம்புகிற இன்னொரு ஆள் உலகத்தில் உண்டு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஐஸை நம்பிவிட்டார். ஆனால் சட்டம் சட்டம்தான். கப்புகளைக் காட்டினார். ஆறையும் திறந்து, ஒவ்வொன்றிலும் தின்று காட்டச் சொன்னார்.

மழைத் தூறலில், தெருவோரத்தில், முழங்கால் போட்டு உட்கார்ந்து ஆறு கப்பையும் வரிசையாகத் திறந்தேன். எதிர்ப்பக்கம் பஸ் ஆட்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். நான் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தேனே தவிர ஐஸ்கிரீம் தின்பதில்லை. நாள் முழுக்க அந்த வாசனையில் நின்றால் வாயில் வைக்கத் தோன்றாது. சேர்ந்த புதிதில் ஒன்றிரண்டு தின்றதோடு சரி. இப்போது மரக்கரண்டியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறும் தின்றேன். விழுங்கி வாயைத் திறந்தும் காட்டினேன். அவமானம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் அந்த ஆறு கரண்டியைத்தான் சொல்வேன்.

நான் வந்த பஸ் போய்விட்டது. சார்ஜன் அடுத்த பஸ்ஸைத் தானே நிறுத்தி, எனக்கு உட்கார இடம் கொடுக்கச் சொல்லி ஏற்றிவிட்டார். அந்தப் பையன் பெட்டியைத் தூக்கி உள்ளே கொடுத்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் இருந்தது. கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தாலும் கப்புகள் ஓரளவுக்குக் கெட்டியாகவே இருந்தன. அது போதும் என்று நினைத்தேன். அம்மா மூடிகளைத் திறந்தாள். ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் கரண்டி பட்ட குழியைப் பார்த்துவிட்டு, என்னை ஏறிட்டாள்.

“என்னாடி இது? நோயாளிக்கிக் கொண்டாந்தத வழியெல்லாம் எச்சி பண்ணிட்டு வந்திருக்க? ஒண்ணுல தின்னா பத்தாதா? ஆறுலயுமா?”

உண்மையைச் சொல்லியிருந்தால் அடுத்த சனிக்கிழமை என்னைப் பெட்டி தூக்க விட்டிருக்க மாட்டார்கள். அப்பா ஒரு கரண்டியும் வாயில் வைத்திருக்க மாட்டார். “பசிச்சிச்சி. தின்னுட்டேன்” என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா கையை நீட்டி ஒரு கப்பை எடுத்தார். நான் தோண்டிய குழிக்குப் பக்கத்தில் தானும் ஒரு கரண்டி தோண்டி வாயில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். பிறகு திறந்து, அம்மா உள்ளேதான் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு, என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

“நல்லதாப் போச்சி” என்றார் அந்தக் காற்றுக் குரலில். “எல்லாத்திலயும் தின்னு பாத்தியா?”

“ம்.”

“அப்ப சொல்லு. இது என்னா ருசி?”

எனக்கு விளங்கவில்லை. “தின்னுட்டுத்தானப்பா இருக்கீங்க?”

“கரண்டு பிடிச்சதுலருந்து நாக்குக்கு ஒண்ணுந் தெரியல புள்ள. குளுந்து எறங்குது, அவ்வளவுதான். மண்ணு, மாவு, எல்லாம் ஒண்ணுதான். நீ ஆறு தினுசாப் பொறுக்கிப் பொறுக்கிக் கொண்டு வார. எப்பிடிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்.” கரண்டியால் கப்பைத் தட்டினார். “நீ தின்னவதானே. சொல்லு, நா கேட்டுக்கிட்டே முழுங்குறேன்.”

நான் அவர் முன்னால் குந்தியிருந்தேன். தெருவோரத்தில் தின்ற அந்த ஆறு கரண்டியில் ஒன்றின் ருசியும் என் நாக்கில் இல்லை. துப்பாக்கிக்கு முன்னால் யாருக்கு ருசி தெரியும்? அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். சொக்லட்டைக் காட்டி, கோப்பிக் கொட்டையைச் சீனி போட்டு வறுத்தால் எப்படி, அப்படி என்றேன். மாம்பழத்தைக் காட்டி, கோயில் மரத்துக் காய் பழுத்து விழுந்து வண்டு தொடுமுன் பொறுக்கியது மாதிரி என்றேன். அவர் தலையாட்டித் தலையாட்டி விழுங்கினார். வெனிலாவில் வந்து மாட்டிக்கொண்டேன்.

“அது... வெள்ளையா இருந்திச்சிப்பா.”

அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “ஒழுங்காத் தின்னு பாக்கலியா?” என்றார்.

அவருக்கு நாக்கு திரும்பிவர இன்னும் ஐந்து மாதம் ஆனது. முதலில் வந்தது உப்பு. அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார், கருவாட்டுக் குழம்பு கேட்டு அம்மாவோடு சண்டை போடுகிற அளவுக்கு இருந்தார். சாவடியில் நடந்ததை நான் அவருக்குச் சொல்லவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை, பெட்டி கட்டுமுன், பொதி அறைக் கதவோரம் நின்று ஆறு கப்பையும் திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, நாக்கில் நிறுத்தி, அவசரப்படாமல் தின்றேன். வெனிலாவை மட்டும் மூன்று தரம் தின்றேன்.